கல்கத்தாவா, சாயர்புரமா? முன்னோர் படித்த இடத்தைத் தேடும் வாசகருக்கு

கேள்வி: எங்கள் சேகர ஆலயப் பிரதிஷ்டையின் 150ஆம் ஆண்டு மலருக்குச் சரித்திரப் பகுதி எழுதும் பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால், என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் தாத்தாவின் தாத்தா அந்தக் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.யின் குருவானவர். வீட்டு வேதாகமத்தின் முதல் ஏட்டில் ‘1846 சாயர்புரம் செமினரி’ என்றும், அவருடைய கல்லறையில் ‘1857 குருப்பட்டம்’ என்றும் இருக்கிறது. ஆனால் அவர் கல்கத்தா பிஷப் காலேஜில் படித்தவர், கிரேக்கும் எபிரெயுவும் தெரிந்தவர் என்றே குடும்பத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த நாளில் சட்டப்படி நம்மவருக்குக் குருப்பட்டமே கொடுக்க முடியாது என்று ஓர் உறவினர் அடித்துச் சொல்கிறார். எது சரி? இதை எங்கே சரிபார்ப்பது?

பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு வணக்கம்.

உங்களிடம் இருக்கும் இரண்டு எழுத்துச் சான்றுகளும், அதாவது வேதாகம ஏட்டுக் குறிப்பும் கல்லறை எழுத்தும், ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்துகின்றன. கல்கத்தாக் கதைக்கு அவற்றில் எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் உறவினர் சொல்லும் சட்டத் தடை கற்பனை அன்று. ஆனால் அது 1823 வரை இருந்த நிலைமை. உங்கள் முன்னோர் அதற்குப் பின்னரே பிறந்திருக்க வேண்டும் என்பதால் அவரை அது தொடவில்லை.

அந்தத் தடையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1814இல் கல்கத்தா அத்தியட்சாதீனம் ஏற்பட்டபோது முதல் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, வந்த தாமஸ் மிடில்டன், தமக்கு அரசர் வழங்கிய அதிகாரப் பத்திரம் இந்தியருக்குக் குருப்பட்டம் கொடுக்க இடம் தரவில்லை என்று கருதினார். அவர் பிடிவாதக்காரர் என்று பின்னர் எழுதியவர்கள் உண்டு. ஆயினும் அவருடைய தயக்கத்துக்குச் சட்டக் காரணம் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் பட்டம் பெறுகிறவர் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். கம்பெனியின் ஆட்சிப் பரப்பில் வாழும் ஒரு தமிழரோ வங்காளியோ அரசரின் பிரஜைதானா என்ற கேள்விக்கு அன்று தெளிவான விடை இல்லை. 1823இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே இந்த முடிச்சை அவிழ்த்தது. கல்கத்தா அத்தியட்சர் தம் எல்லைக்குள் ஊழியம் செய்வதற்கென்று, தாம் சோதித்துத் தகுதி கண்ட எவருக்கும் பட்டம் கொடுக்கலாம் என்றும், பிரிட்டிஷ் பிரஜை அல்லாதவர் இங்கிலாந்தில் கேட்கப்படும் பிரமாணங்களைச் செய்ய வேண்டியதில்லை என்றும் அது சொன்னது. சலுகையோடு வேலியும் வந்தது என்பதைக் கவனியுங்கள். அவ்வாறு பட்டம் பெற்றவரின் ஊழியம் இந்த எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

மிடில்டனுக்குப் பின் வந்த ரெஜினால்டு ஹீபர், அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தினார். அவரிடம் 1824இல் பட்டம் பெற்ற கிறிஸ்தியான் தாவீது ஒரு தமிழர். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியராக, இருந்தவர். ஆங்கிலிக்கன் முறைப்படி, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி, குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்கிறோம். மலரில் எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். 1733இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்ற ஆரோனும், 1790இல் தஞ்சாவூரில் பட்டம் பெற்ற சத்தியநாதனும் இவருக்கு மூத்தவர்கள். ஆனால் அவர்கள் பெற்றது லுத்தரன் முறைப் பட்டம். இவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி ‘முதல்வர்’ யார் என்று சண்டையிடும் மலர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி கல்கத்தா. ஹூக்ளி நதிக்கரையில் சிப்பூரில், தாவரவியல் பூங்காவை ஒட்டி, 1820 டிசம்பரில் மிடில்டன் அடிக்கல் நாட்டிய பிஷப் காலேஜ் உண்மையிலேயே ஒரு துணிச்சலான முயற்சி. இங்கிலாந்திலேயே அப்போது குருமாருக்கென்று தனிக் கல்லூரி ஏறக்குறைய இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பொதுப் பட்டம் வாங்கியவர், கொஞ்சம் வேதம் வாசித்துவிட்டு அத்தியட்சரின் சோதனைக்குப் போய் நிற்பதே அங்கு வழக்கம். வட இங்கிலாந்தில் செயின்ட் பீஸ் கல்லூரி 1816இல் தொடங்கியிருந்தது. சிசெஸ்டர், வெல்ஸ் கல்லூரிகள் 1839, 1840 ஆண்டுகளில்தான் வந்தன. ஆகவே காலனிகள் தாய்நாட்டைப் பார்த்துப் பின்னால் நடந்தன என்ற பொது எண்ணம் இந்த விஷயத்தில் செல்லாது. பல்கலைக்கழகம் இல்லாத இடத்தில்தான் குருமாரை உருவாக்க ஒரு தனி நிறுவனம் வேண்டும் என்ற தேவை முதலில் உறைத்தது. பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்ட வருமானத்தில் எழுந்த காட்ரிங்டன் கல்லூரி, சியரா லியோனில் 1827இல் தொடங்கிய ஃபூரா பே கல்லூரி ஆகியவற்றின் கதையும் இதுவே.

ஆனால் சிப்பூர்க் கல்லூரி எண்ணியபடி நடக்கவில்லை. முதல் தலைவர் வில்லியம் ஹாட்ஜ் மில் பெரிய சமஸ்கிருத வல்லுநர். இயேசுவின் வரலாற்றைச் சமஸ்கிருதச் சுலோகங்களில் பாடியவர். கோத்திக் பாணிக் கட்டடமும் அச்சகமும் நூலகமும் அமைந்தன. ஆனால் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். பாடம் முழுவதும் ஆங்கிலத்திலும், லத்தீன், கிரேக்க நூல்களின் வழியாகவும் நடந்தது. அதற்கு முன்தயாரிப்பு உள்ளவர்களோ ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் கல்கத்தாவின் ஆங்கிலம் படித்த ஒரு சிலருமே. 1844இல் அங்கே சேர்ந்த வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத், ஐரோப்பிய மாணவருக்கு ஒரு விதமாகவும் இந்திய மாணவருக்கு வேறு விதமாகவும் உடை விதித்திருந்ததை எதிர்த்து நின்றதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அவர் படிப்பை முடிக்காமலே சென்னைக்கு வந்துவிட்டார். தெற்கிலிருந்தும் சிலர் அந்தக் கல்லூரிக்குச் சென்றது உண்டு. ஆயினும் தாமிரபரணிக்குத் தெற்கே தேரி என்னும் செம்மணல் காட்டில் இருந்த ஒரு கிராமத்துப் பிள்ளையை, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிப் பல ஆண்டு செலவிட்டுப் படிக்கவைப்பது எஸ்.பி.ஜி.க்கு அன்றாட வழக்கமாக இருக்கவில்லை. 1880இல் அந்தக் கட்டடங்களுக்கு அரசுப் பொறியியல் கல்லூரி குடிவந்தது. இன்று அங்கே இருப்பது சிப்பூர்ப் பொறியியல் நிறுவனம்.

திருநெல்வேலிச் சீமையில் குருமாரை உருவாக்கியது வேறொரு வழி, உபதேசியார் வழி. மிஷனரி ஒருவர் இருபது முப்பது கிராமங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தவும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும், வழக்கு வம்பு வந்தால் சமாதானம் பேசவும் ஓர் உபதேசியார் வேண்டும். அந்த உபதேசியாருக்குப் படிப்பு எங்கே? குறிப்பிட்ட நாளில் எல்லா உபதேசிமாரும் மிஷன் பங்களாவில் கூடுவார்கள். கடந்த நாட்களின் வேலையைக் கணக்கு ஒப்புவிப்பார்கள். ஐயர் ஒரு வேதபகுதியை விளக்குவார்; அதையே அடுத்த ஞாயிறு அவரவர் கிராமத்தில் பிரசங்கிக்க வேண்டும். சம்பளமும் பெரும்பாலும் அந்த நாளில்தான் கைக்கு வரும். இந்தக் கூட்டங்கள் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் கடந்துபோகின்றன. என் கருத்தில் நம் நாட்டு இறையியல் கல்வியின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது, சிப்பூரில் இல்லை.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த, இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ்.ஸின் மிஷனரி ரேனியஸ் இதை ஒழுங்கான பயிற்சியாக மாற்றினார். தமிழில் பாடநூல் இல்லாத குறையைத் தாமே எழுதித் தீர்த்தார். பூமிசாஸ்திரம் முதல் இலக்கணம் வரை அவர் எழுதியவை பல. அவருடைய பயிற்சியில் தேறிய உபதேசிமாருக்குக் குருப்பட்டம் யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் முறிவு வந்தது. ரேனியஸ் லுத்தரன் முறையில் பட்டம் பெற்ற ஜெர்மானியர். தம் சீடர்களுக்கும் அவ்வாறே கொடுக்கலாம் என்று நினைத்தார். சி.எம்.எஸ். ஆங்கிலிக்கன் சங்கம், அத்தியட்சரின் கை இல்லாமல் பட்டம் இல்லை என்றது. இந்தப் பூசலோடு, இங்கிலாந்துத் திருச்சபை முறைகளைக் கண்டித்து அவர் எழுதிய ஒரு மதிப்புரையும் சேர, 1835இல் அவரைச் சங்கம் விலக்கியது. சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்த பிறகே பிளவு மெல்ல ஆறியது. உபதேசியாரைப் பயிற்றுவிக்க ஒரு மிஷனரி போதும். குருவானவரை ஆக்க ஓர் அத்தியட்சர் வேண்டும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. அதற்கு முன் ஜான் தேவசகாயம் என்ற தமிழர் 1830இல் உதவிக்குரு, அதாவது முழுக் குருப்பட்டத்துக்கு முந்திய படியில் உள்ளவர், ஆனதுகூட, கல்கத்தா அத்தியட்சர் டர்னர் தெற்கே சுற்றுப்பயணம் வந்த சமயம் பார்த்துத்தான். 1835இல் சென்னைக்குத் தனி அத்தியட்சர் வந்த பின்னர், 1836இல் கோரி அத்தியட்சர் அவருக்கு முழுக் குருப்பட்டம் கொடுத்தார். ‘கல்கத்தா’ என்ற சொல் பல குடும்பங்களின் நினைவில் ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பழைய சார்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் முன்னோரின் இடத்துக்கு வருகிறேன். 1842இல் சாயர்புரத்துக்கு வந்த ஜி. யு. போப், நீங்கள் அறிந்த திருவாசக மொழிபெயர்ப்பாளர், அங்கே நிலைநிறுத்திய செமினரி அவருடைய இளமையின் பெரிய கனவு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான். அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். ஆகவே 1846இல் உங்கள் முன்னோர் அங்கே நுழைந்ததை வைத்து அவர் அன்றே குருத்துவத்துக்குப் படித்தார் என்று எழுதிவிடாதீர்கள். தங்கிப் படிக்கும் பள்ளியாகவும், அதற்கு மேல் வேதபாட வகுப்பாகவும் இரண்டும் கலந்த நிறுவனம் அது. தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றோடு லத்தீனும் கிரேக்கும் எபிரெயுவும் அங்கே கற்பிக்கப்பட்டன. எனவே மொழிகளைப் பற்றிய உங்கள் குடும்பக் கதைக்குக் கல்கத்தா தேவையே இல்லை, சாயர்புரமே போதும். எவ்வளவு தெரிந்தவர் என்பது வேறு கேள்வி. அவருடைய கையெழுத்தில் கிரேக்கச் சொல் உள்ள பிரசங்கக் குறிப்பு ஏதேனும் வீட்டில் கிடைத்தால் அதுவே நல்ல சான்று.

தேரிக்காட்டில் லத்தீன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இது போப்பையரின் விசித்திரம் மட்டும் அன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில் குருப்பட்டம் கொடுக்கும் முறைக்கு முன்னுரையாக உள்ள பகுதி, உதவிக்குரு ஆகிறவர் லத்தீன் மொழியில் கற்றவராகவும் வேதத்தில் போதிய அறிவுள்ளவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. 1604ஆம் ஆண்டுச் சபைச் சட்டமும் அதையே வற்புறுத்துகிறது. தமிழர் ஒருவர் பட்டம் பெற்றால் அவரை எந்த ஐரோப்பியக் குருவானவரும் குறைவாகப் பேசக் கூடாது என்று விரும்பியவர்கள், அந்த அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டார்கள். மறுபக்கம், கிராமத்துச் சபைக்கு வேண்டியது தமிழில் வேதமும் ஜெபப் புத்தகமும் நன்கு தெரிந்த, கிராமம் தாங்கக்கூடிய சம்பளத்தில் வாழச் சம்மதிக்கிற போதகர். ஆங்கிலமும் லத்தீனும் படித்தவர் கிராமத்தில் தங்க மாட்டார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். லண்டனில் சி.எம்.எஸ். செயலராக இருந்த ஹென்றி வென் இந்த இரண்டாம் கட்சிக்கு வலிமை தந்தார். சபைகள் தங்கள் போதகரைத் தாங்களே தாங்க வேண்டும் என்பது அவருடைய திட்டத்தின் அச்சாணி. பாளையங்கோட்டையில் எட்வர்டு சர்ஜென்ட் நடத்திய ‘பிரிப்பராண்டி’ வகுப்பில், உபதேசியாராகப் பல ஆண்டு உழைத்துச் சோதிக்கப்பட்ட நடுவயதுக்காரர்கள் தமிழிலேயே படித்துப் பட்டம் பெற்றார்கள்.

எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு, மறைக்கவில்லை. எண்ணிக்கையில் வென்றது தமிழ்வழிதான். திருநெல்வேலியில் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் குருமார் பெருகியதும், வெள்ளாளன்விளைக் கிராமத்துக் குருவானவரின் மகனான அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனதும் அந்த வழியின் மேல் நின்றவை. ஆனால் அதே வழி, மிஷனரிக்குச் சமமாக உட்கார முடியாத ஓர் உள்ளூர் அணியையும் வளர்த்தது. மூல மொழி தெரியாதவர் மொழிபெயர்ப்புக் குழுவில் பேச முடியாது. ஆங்கிலம் தெரியாதவர் மிஷன் கமிட்டியில் பேச முடியாது. சாயர்புரத்தில் போப்பையர் கேட்டது கடுமையான உழைப்புத்தான். ஆயினும் தேரிக்காட்டுப் பையன் கிரேக்கு படிக்க முடியும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அந்த மரியாதையைத் தமிழ்வழிக்காரர்களிடம் நான் குறைவாகவே காண்கிறேன்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. எஸ்.பி.ஜி. 1848இல் சென்னை சல்லிவன் தோட்டத்தில் ஒரு வேதசாஸ்திர செமினரியை ஏற்படுத்தி, ஏ. ஆர். சைமண்ட்ஸ் ஐயரை அதற்குத் தலைவராக வைத்தது. சாயர்புரத்திலும் தஞ்சை வேதியர்புரத்திலும் தேறியவர்கள் மேற்படிப்புக்கு அங்கே போகலாம். 1846இல் சாயர்புரத்தில் சேர்ந்து 1857இல் பட்டம் பெற்றவர் என்றால், இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் சில ஆண்டுகள் சல்லிவன் தோட்டத்திலும் சில ஆண்டுகள் உபதேசியாராகவும் கழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘பெரிய பட்டணத்துக் காலேஜ்’ என்று வீட்டில் சொன்னது இரண்டு தலைமுறையில் கல்கத்தா ஆகியிருக்கலாம். இது என் ஊகம். மலரில் உண்மையாக அச்சிட வேண்டாம்.

வயதையும் ஒருமுறை சரிபாருங்கள். உதவிக்குரு ஆக 23 வயதும், குருவானவர் ஆக 24 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். கல்லறையில் பிறந்த ஆண்டு இருந்தால், 1857இலிருந்து கழித்துப் பாருங்கள். 23க்குக் குறைந்தால் ஏதோ ஒரு தேதி தவறு. மேலும் ‘குருப்பட்டம்’ என்று கல்லில் இருப்பது உதவிக்குருப் பட்டமா முழுக் குருப்பட்டமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தே வராது. இடையில் வழக்கமாக ஓராண்டாவது இருக்கும், நம்மவருக்குப் பல ஆண்டுகளும் ஆனது உண்டு. 1857இல் சென்னை அத்தியட்சர் தாமஸ் டீல்ட்ரி. பட்டம் கொடுத்தவராக வேறு பெயர் எந்தக் காகிதத்திலாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

தேடும் இடங்களைப் பொறுத்தவரை, அவர் எஸ்.பி.ஜி. ஊழியர் என்பதை நீங்கள் உறுதியாகச் சொல்வது பாதி வேலையை முடித்துவிடுகிறது. அந்தச் சங்கத்தின் கடிதங்களும் மிஷனரிகள் அனுப்பிய காலமுறை அறிக்கைகளும் இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன, சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். அங்கே எழுதுவதற்கு முன் பக்கத்திலேயே தேடுங்கள். அவர் பணியாற்றிய ஒவ்வொரு சேகரத்தின் ஞானஸ்நான, விவாகப் பதிவேட்டிலும் அவருடைய கையெழுத்து இருக்கும். எந்த ஆண்டு வரை ‘உபதேசியார்’ என்று கையெழுத்திட்டார், எந்த ஆண்டிலிருந்து பட்டப்பெயர் மாறியது என்று பார்த்தாலே பாதிக் காலவரிசை கிடைத்துவிடும். பதிவேட்டின் பக்கங்களைப் புகைப்படம் எடுக்கும்போது ஏட்டின் எண்ணும் தெரியும்படி எடுங்கள். அடுத்தபடியாக, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்கு அவருடைய பெயரையும் ஆண்டுகளையும் எழுதிக் கேளுங்கள். கல்கத்தாவை முற்றிலும் தள்ளிவிட மனம் வராவிட்டால் பிஷப் காலேஜ் இன்றும் அந்நகரில் இயங்குகிறது. அவர்களிடம் பழைய ஆவணங்கள் உண்டு. 1846க்கும் 1857க்கும் இடைப்பட்ட மாணவர் பெயர்களில் ஒருவரைத் தேடித் தரும்படி கேட்பது பெரிய வேலை அன்று.

ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செமினரி அறிக்கைகளில் மாணவரின் பெயரோடு சாதியையும் எழுதும் வழக்கம் இருந்தது. டேனியல் வில்சன் அத்தியட்சர் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்ட பின், தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். செமினரிகளில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவதே அந்த உத்தரவின் நேரடிச் சோதனையாக ஆனது. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர் உங்கள் முன்னோர் என்பதை எழுதுங்கள். அறிக்கையில் வரும் சாதிப் பெயர்களை, வேறு குடும்பத்தாருடையவற்றை, மலரில் அச்சிடாதீர்கள்.

இப்போதைக்கு மலரில் ‘1846இல் சாயர்புரம் செமினரியில் சேர்ந்தார், 1857இல் குருப்பட்டம் பெற்றார், கல்கத்தாவில் படித்தார் என்பது குடும்ப மரபு’ என்று மூன்று துண்டாகவே எழுதிவிடுங்கள். பதிவேடுகளில் அவருடைய முதல் கையெழுத்து கிடைத்தவுடன் அதன் நகலை அனுப்பினால், பட்டப்பெயரைப் பார்த்து மீதியைச் சொல்கிறேன்.